கம்பளியில் சுற்றிய உடல்கள்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டொரொண்டோவில் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், சிட்னியில் நள்ளிரவுத் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. ஒருங்கிணைப்பாளர் என்னிடம், "உங்கள் சிறுகதைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் கேட்டார். சொந்தக் கதையைப் பற்றி நானே பேசுவது எனக்கு ஒத்துவராது. அதனால், இரண்டு மூன்று ஆண்டுகளாக என்னைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலமும் வியாபாரமும் எப்படி மாறின என்பது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரி சிஸ்டர்" என்றார். அந்தத் தயக்கம் நியாயமானதுதான்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிப்ளமோ படித்தேன். இப்போது கிழக்கு இங்கிலாந்தில், முதியோர் வார்டில் வேலை. படிப்பது எல்லாம் இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத பகல்களில். ஆகவே இது ஒரு நர்சின் பேச்சு. அப்படியே கேளுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, அங்கே வைத்திருந்த பழைய அடக்கப் பதிவேட்டின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1680-களின் பக்கம். பெயர், தேதி, அதற்குப் பக்கத்தில் சுருக்கமாக ஒரு சொல். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் அதே சொல். போதகரிடம் கேட்டேன். "கம்பளியில் அடக்கம் செய்ததாகப் பிரமாண வாக்குமூலம் வந்துவிட்டது என்று பொருள்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இறந்தவரைக் கழுவித் துடைத்து, முடியை வாரி, கைகளை நேராக்கி, துணி சுற்றி அனுப்புவது என் வேலையின் ஒரு பகுதி. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். எந்தத் துணி என்று கேட்டு எந்த அரசாங்கமும் என்னிடம் சத்தியம் வாங்கியதில்லை.

ஆனால் அன்றைக்கு வாங்கினார்கள். 1666-இல் ஒரு சட்டம். அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதால் 1678-இல் இன்னும் கடுமையாக ஒன்று. செத்தவரின் உடலில் ஆட்டுக் கம்பளியைத் தவிர வேறு எந்தத் துணியும் இருக்கக்கூடாது. லினன் கூடாது, பட்டு கூடாது. அடக்கம் முடிந்து எட்டு நாளுக்குள் உறவினரோ நம்பகமான வேறொருவரோ அதிகாரியின் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பவுன் அபராதம். அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு, மீதி அந்தத் திருச்சபை வட்டாரத்தின் ஏழைகளுக்கு. கொள்ளை நோயில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

ஐந்து பவுன் என்றால் நூறு ஷில்லிங். அன்றைய விவசாயக் கூலியாளின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு ஷில்லிங். பணக்காரர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனிலேயே புதைத்தார்கள். சில வீடுகளில் வீட்டு ஆளையே துப்புக் கொடுக்கச் சொல்லி, பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்டு. ஏழைகள் கம்பளியில் போனார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு நேரே சில பதிவேடுகளில் 'நிர்வாணம்' என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒரு நாடு பிணத்தையும் வாடிக்கையாளராக்க வேண்டிய நிலைக்கு ஏன் வந்தது? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த உரை முழுவதும் வந்தது.

அந்த நூற்றாண்டு பிறந்தபோது இங்கிலாந்து வெளியே விற்றதெல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான். கம்பளித் துணி. ஏற்றுமதியில் முக்கால் பங்குக்கும் மேல் அதுதான். அதுவும் கனமான, சாயம் போடாத துணி. அதை வாங்கிச் சாயம் போட்டு, மெருகேற்றி, லாபத்தின் கொழுப்பை எடுத்துக்கொண்டவர்கள் ஹாலந்துக்காரர்கள். சர் வில்லியம் காக்கெய்ன் என்ற லண்டன் வியாபாரி மன்னர் முதலாம் ஜேம்ஸிடம், "நாமே சாயம் போட்டு விற்போம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1614-இல் சாயம் போடாத துணியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஹாலந்துக்காரர்கள் சாயம் போட்ட ஆங்கிலத் துணியை வாங்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். 1617-இல் திட்டம் கவிழ்ந்தது. இடையில் வேலை போனது நெசவாளிகளுக்கு. அவர்கள் எழுந்து நிற்பதற்குள் 1620-களின் வியாபார மந்தம் வந்துவிட்டது.

கம்பளியை ஓரளவு காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? அகதிகள். மத வன்முறைக்குத் தப்பி ஓடிவந்த டச்சு, வலூன் நெசவாளிகள். 1560-களில் நார்விச் நகரமே அவர்களை அழைத்துக் குடிவைத்தது. அவர்கள் கொண்டுவந்த மெல்லிய, லேசான, வண்ணமான கம்பளி வகைகளுக்கு ஆங்கிலத்தில் 'புதிய துணிகள்' என்றே பெயர். வெயில் நாடான ஸ்பெயினிலும் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலும் அவை விற்றன. இந்த நாட்டின் கைத்தொழிலை வெளியிலிருந்து வந்த கைகள் தூக்கி நிறுத்திய கதை இது. எங்கள் வார்டின் டியூட்டி பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நார்விச் நினைவுக்கு வரும்.

இப்போது கதை நம் கடற்கரைக்கு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600-இல் தொடங்கியபோது அதன் கண் மிளகிலும் மசாலாவிலும் இருந்தது. மசாலாத் தீவுகளில் விற்பதற்கு ஆங்கிலக் கம்பளி உதவவில்லை. அந்த வெயிலில் யார் கம்பளி வாங்குவார்கள்? அங்கே விலைபோனது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அதற்காகத்தான் கம்பெனி நம் கரைக்கு வந்தது. 1639-இல் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கரிடமிருந்து ஒரு மணல் திட்டுக்கு உரிமை வாங்கினார். அந்த இடத்தை அவர் சிபாரிசு செய்யச் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே நல்ல துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பது. சென்னைப் பட்டணம் நெசவாளியின் தறியை நம்பிப் பிறந்த ஊர்.

பிறகு அந்தத் துணி இங்கிலாந்துக்கே வந்தது. முதலில் மேசைவிரிப்பாக, திரைச்சீலையாக. சாமுவேல் பெப்பிஸ் 1663-இல் மனைவியின் அறைச் சுவருக்கு அலங்காரமாக ஒரு சீட்டித் துணி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்புறம் அது உடம்புக்கு ஏறியது. துவைக்கலாம், சாயம் போகாது, மலிவு, கம்பளியைப் போல அரிக்காது. 1680-களில் கம்பெனி ஓர் ஆண்டில் இறக்கிய துணி பத்து லட்சம் துண்டுகளைத் தாண்டியது. சீமாட்டியும் வேலைக்காரியும் ஒரே மாதிரிச் சீட்டி கட்டுகிறார்கள் என்று சிலருக்கு வயிற்றெரிச்சல். நெசவாளிகளுக்கோ வயிற்றுப் பசி. 1697-இல் லண்டன் பட்டு நெசவாளிகள் கூட்டமாகப் போய்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700-இல் ஒரு சட்டம் வந்தது. ஆசியப் பட்டும், வண்ணமோ அச்சோ போட்ட பருத்தித் துணியும் இங்கிலாந்தில் உடுத்தக்கூடாது. வேறு நாடுகளுக்கு மறுஏற்றுமதி செய்யலாம். 1721-இல் அது இன்னும் இறுகியது.

பிணத்தின்மேல் கம்பளி போட்ட சட்டமும், உயிரோடிருப்பவரின் மேலிருந்து சீட்டியை உருவிய சட்டமும் ஒரே பயத்தில் பிறந்தவை. அந்தச் சீட்டியை நெய்து வண்ணம் தீட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். எதிர்ப்பக்கம் நின்ற ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகளில் பலர், பிரான்சிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்த ஹியூகனாட் குடும்பத்தார். இரண்டு பக்கமும் தறிதான், இரண்டு பக்கமும் பசிதான். என்னால் யாரையும் எளிதாகத் திட்ட முடியவில்லை.

நூற்றாண்டு முடியும்போது கம்பளியின் பங்கு மொத்த ஏற்றுமதியில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே மறுஏற்றுமதி: இந்தியத் துணி, கரீபியன் சர்க்கரை, வர்ஜீனியாப் புகையிலை. சர்க்கரையையும் புகையிலையையும் விளைவித்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுபோகப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு 1672-இல் அரச சாசனமே கிடைத்தது. அது தனி உரைக்கான விஷயம். ஆனால் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது.

சரி, நிலத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் பகுதிக்கு 'ஃபென்ஸ்' என்று பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான கறுப்பு மண். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இது சதுப்பு. குளிர்காலத்தில் வெள்ளம் நிற்கும், கோடையில் வடிந்து புல்லாகும். ஊர்ப் பொது நிலத்தில் ஏழைகள் மாடு மேய்த்தார்கள். விலாங்கு பிடித்தார்கள், வாத்து பிடித்தார்கள், கூரைக்கு நாணல் அறுத்தார்கள், அடுப்புக்குக் கரிமண் வெட்டினார்கள். காகிதத்தில் சொத்து இல்லாவிட்டாலும் வயிறு காயவில்லை. நோய் இருந்தது. முறைக் காய்ச்சல், நாம் மலேரியா என்கிறோமே அதுதான். ஈலி ஊரில் குடியிருந்த ஆலிவர் கிராம்வெலுக்கும் அந்தக் காய்ச்சல் இருந்தது.

1630-களில் பெட்ஃபோர்ட் பிரபுவும் முதலீட்டாளர்களும் சேர்ந்து, கார்னீலியஸ் வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளரை வைத்துத் தண்ணீரை வடிக்கத் தொடங்கினார்கள். இயரித்திலிருந்து டென்வர் வரை 21 மைல் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு ஆற்றையே வெட்டினார்கள். பரிசாகப் பேசப்பட்ட நிலம் 95,000 ஏக்கர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு இரண்டாம் கட்ட வேலை நடந்தபோது, டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளையும் மண் வெட்ட வைத்தார்கள். ஊர் மக்கள் இரவில் போய்க் கரையை உடைத்தார்கள். பெண்களும் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை வடிந்து போனது தண்ணீர் மட்டும் இல்லை.

என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். பெயரும் ஊரும் சொல்லக்கூடாது. வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் உழுதவர். ஓர் இரவு தூக்கம் வராமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க அப்பா காலத்துல இருந்த மண் இப்ப இல்ல சிஸ்டர். வசந்த காலத்துல காத்து அடிச்சா வயலே எழுந்து பறக்கும்" என்றார். நான் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். பிறகு ஹோம் என்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். 1851-இல் அங்கே ஓர் இரும்புத் தூணைத் தலை மட்டும் தரைமட்டத்தில் தெரியும்படி புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேல் ஏறக்குறைய நான்கு மீட்டர் நிற்கிறது. தூண் வளரவில்லை. தண்ணீர் வடிந்த கரிமண் சுருங்கி, காற்றோடு கரைந்து, தரைதான் இறங்கியிருக்கிறது. வெர்மைடன் காலத்தில் எழுதிய கடன் சீட்டுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஃபென்ஸ் மட்டும் இல்லை. நடு இங்கிலாந்தில் ஊர்ப் பொது வயல்களை வேலிபோட்டு அடைத்து ஆட்டு மேய்ச்சலாக மாற்றும் வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது. 1607-இல் மக்கள் கிளர்ந்து வேலிகளைப் பிடுங்கினார்கள். ஜான் ரெனால்ட்ஸ் என்ற தலைவர், தன் தோல்பையில் எல்லாரையும் காப்பாற்றும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தார். நார்த்தாம்டன்ஷயரின் நியூட்டனில் நாற்பது ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவரைப் பிடித்துப் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு துண்டு பச்சைப் பாலாடைக்கட்டி.

இங்கே நான் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் வெறும் கொள்ளைக் கதையாகச் சொல்லி முடித்தால் அது பொய்யாகிவிடும். 1623-இல் இங்கிலாந்தின் வடக்கே, கம்பர்லாந்து பகுதியில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். நூற்றாண்டின் கடைசியில், 1690-களில் விளைச்சல் பொய்த்தபோது பக்கத்து ஸ்காட்லாந்தில் பஞ்சம் ஏராளமான பேரைக் கொண்டுபோனது. இங்கிலாந்தில் விலை ஏறியது, கஷ்டம் இருந்தது, ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. நடுவில் என்ன நடந்தது? க்ளோவர் புல்லும் டர்னிப் கிழங்கும் வயலுக்கு வந்தன. க்ளோவர் மண்ணுக்கு உரம் சேர்த்தது. டர்னிப் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனியானது. மாடு பெருகினால் எரு பெருகும், எரு பெருகினால் தானியம் பெருகும். நிலத்தைச் சில ஆண்டு உழுது சில ஆண்டு புல்லாக விடும் முறை பரவியது. 1600-இல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இருந்த லண்டன் 1700-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அத்தனை வாய்க்கும் சோறு போட்டது இந்த வயல்கள். 1689-இல் கோதுமை விலை குறைந்தால் ஏற்றுமதிக்கு ஒரு குவார்ட்டருக்கு ஐந்து ஷில்லிங் ஊக்கத்தொகை கொடுக்கும் நிலைக்கே நாடு வந்துவிட்டது. பட்டினி தெரிந்த குடும்பத்தில் பிறந்த நான் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ரொட்டி பெருகிய அதே காலத்தில் ரொட்டியின்மேல் இருந்த உரிமை சுருங்கியது. பொது நிலம் போனவனுக்கு இனி கூலி மட்டும்தான்.

இதை நேருக்கு நேர் சொன்னவர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி. அவரும் துணி வியாபாரிதான். உள்நாட்டுப் போரின் நடுவே 1643-இல் நொடித்துப்போனார். கிராமத்துக்குப் போய் மாடு மேய்த்தார். 1649 ஏப்ரலில் சர்ரேயின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் சில ஏழைகளோடு தரிசு நிலத்தைக் கொத்தி பார்ஸ்னிப், கேரட், அவரை விதைத்தார். அவர் ஆயுதம் எடுக்கவில்லை. வேதாகமத்தை எடுத்தார். பூமியைத் தேவன் எல்லாருக்கும் பொதுவாகப் படைத்தார், வாங்குவதும் விற்பதும்தான் வீழ்ச்சி என்று வாதிட்டார். குடிசைகளை இடித்தார்கள், பயிரை மிதித்தார்கள். பக்கத்துக்கு இடம் மாறிப்போய் முயன்றார்கள். 1650 வசந்தத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓராண்டுதான். அதே வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்து நிலக்காரர்களும் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கிறிஸ்தவளாக எனக்கு இது சங்கடமான இடம்.

கடைசியாக என் தொழிலுக்கு வருகிறேன். 1601-இன் ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வரி போட்டுத் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய ஐரோப்பாவில் இது பெரிய காரியம். அந்தக் கணக்குப் புத்தகங்களில் என் முன்னோடிகள் இருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள, பிரசவம் பார்க்க, பிணத்தைக் கழுவ என்று சில பென்சுகள் கூலி வாங்கிய ஏழை விதவைகள். லண்டனில் வயதான பெண்கள் வீடு வீடாகப் போய், செத்தவர் எதனால் செத்தார் என்று பார்த்துச் சொன்னார்கள். 1662-இல் ஜான் கிரவுன்ட் எழுதிய புகழ்பெற்ற மரணக் கணக்குப் புத்தகம் அவர்கள் சொன்ன தகவலின்மேல் நிற்கிறது. ஒரு குவளை பியரும் சில காசும் கொடுத்தால் அவர்கள் மாற்றிச் சொல்வார்கள் என்றும் அவர் குறை சொன்னார். கிரவுன்ட்டும் துணிக்கடைக்காரர்தான்!

அதே 1662-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. வேறு வட்டாரத்திலிருந்து வந்து, ஆண்டுக்குப் பத்து பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் இருப்பவர், நாளைக்கு நமக்குச் சுமையாகலாம் என்று தோன்றினாலே போதும். நாற்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். மணமாகாத தாயின் பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்த வட்டாரத்துக்குச் சொந்தம். அதனால் நிறைமாதப் பெண்களை வலி எடுப்பதற்குள் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். 1697-இல் உதவி வாங்குபவர்கள் வலது தோளில் சிவப்போ நீலமோ ஒரு துணி எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பாருங்கள், அதற்கும் துணி.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குக் கொடுத்த அட்டையில் 'பொது நிதி இல்லை' என்று ஒரு வரி இருந்தது. வேலை செய்யலாம், வரி கட்டலாம், உதவித்தொகை கேட்கக்கூடாது. முதல் மூன்று ஆண்டுக்குள் என் கணவருக்கு வேலை போனது, மகள் வயிற்றில். ஓர் அலுவலகத்துக்குப் போய், ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வருவதற்கு முன்னால் இதை யோசித்திருக்க வேண்டும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் இரவு ஷிஃப்ட்டுக்குப் போனேன். இந்தக் கதை எனக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. குடியிருப்புச் சட்டத்தைப் படித்தபோது, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த நிறைமாதப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது.

என் ஆச்சி இறந்தபோது நான் போக முடியவில்லை. தம்பி போனைப் பிடித்துக் காட்டினான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடித் துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். நான் அனுப்பிய கோடியை என் சித்தி போர்த்தினார். எந்தச் சட்டமும் கேட்காமல், அன்பால் போர்த்திய துணி.

அந்தப் பெரியவர் போன மாதம் இறந்தார். அன்று நான் டியூட்டியில் இருந்தேன். மண் ஏறிய நகங்கள் கடைசி வரை வெளுக்கவே இல்லை. துடைத்துவிட்டு வெள்ளைத் துணியைப் பிரித்தேன். அதன் ஓரத்தில் எந்த நாட்டில் தைத்தது என்று ஒரு சின்னச் சீட்டு இருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்க்கமாட்டேன். அன்றைக்குப் படித்துவிட்டுத்தான் அவரைச் சுற்றினேன்.

இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்று இரவு வேலை இல்லை.